பதினேழாம் குடுவைக்கு வார்த்த எச்சில் நீர்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் உரக்கப் பேசுகிறவள் இல்லை, இது உரக்கச் சொல்லும் கதையும் இல்லை. ஒருத்தி பாசத்தோடு ஊட்டினாள், அந்த ஊட்டல் எங்கே போய் நின்றது என்று சொல்லப் போகிறேன். நடுவில் வயிற்றைப் பிசையும், முன்னாலேயே சொல்லிவிட்டேன். பிசைந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கதை முடியுமட்டும் விட வேண்டாம்.

அக்கா, தங்கை என்று இரண்டு பேர். தாய் சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் தங்கையை வளர்த்தாள். அவளுக்கே பத்து வயது, இவளுக்கு மூன்று. தனித்தட்டு போட்டு ஊட்ட அவளுக்குத் தெரியாது. தான் ஒரு கடி கடித்து, சூடு பார்த்து, மிச்சத்தைத் தங்கை வாயில் வைப்பாள். அப்படி அக்காவின் எச்சிலைத் தின்றே இந்தத் தங்கை ஆளானாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஒரு தையற்காரரைக் கட்டிக்கொண்டாள். தங்கைக்குக் கல்யாணம் கூடி வரவில்லை, கூடி வந்த காலத்தில் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அக்கா வீட்டுப் பின்னறையில் இருந்தாள். தெருவைப் பார்த்த முன்னறை அத்தானின் கடை. ஒரு நீள மேசை, இரண்டு தையல் இயந்திரம், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் அட்டைகள். காலர் அட்டை, கை அட்டை, தோள் அட்டை என்று அளவுக்கு ஒன்றாக வெட்டி வைத்திருப்பார். துணியின்மேல் அட்டையை வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தால் வெட்டுவதுதான் பாக்கி.

தங்கைக்குப் புற்றுநோய் மருத்துவமனையின் மூன்றாவது மாடிச் சோதனைக்கூடத்தில் வேலை. நோயாளிகளின் ஈரல் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு அங்கே வரும். அதைப் பிரித்து, செல்களைத் தட்டையான குடுவைகளில் போட்டு, இளஞ்சிவப்பாக இருக்கும் சத்து நீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்து வளர்க்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய நீரை உறிஞ்சி எடுத்துப் புது நீர் விட வேண்டும். வளர்ந்த பிறகு மருந்தை ஊற்றி, சாகிறதா பிழைக்கிறதா என்று பார்ப்பார்கள். விடுமுறை நாளிலும் அவள் போய் நீர் மாற்றிவிட்டு வருவாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளை ஆயாம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அத்தான் வேறு மாதிரிச் சொல்வார். "பாம்புக்குப் பால் வாக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். புத்துக்குப் பால் வாத்து மாசச் சம்பளம் வாங்குறவ எங்க வீட்டுல மட்டும்தான் இருக்கா."

"உங்க நாக்குக்கு ஒரு காஜா எடுத்துப் பொத்தான் போட்டா நல்லா இருக்கும் அத்தான்" என்பாள் அவள்.

அந்தக் கூடத்தில் ஒரு பழைய கைப்பழக்கம் உண்டு. சில குடுவைகளில் செல்கள் எவ்வளவு நல்ல நீர் விட்டாலும் சோணங்கியாகவே கிடக்கும். அப்போது, நன்றாக வளர்கிற இன்னொரு குடுவையின் பழைய நீரை எடுத்து, மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, புது நீரில் மூன்றில் ஒரு பங்கு கலந்து விடுவார்கள். கொழுத்த செல்கள் வாழ்ந்த நீரில் வளர்ச்சிக்கான சரக்குகள் ஏதேதோ ஊறியிருக்கும், அதைக் குடித்து மெலிந்தது தேறும். வடிகட்டியில் ஒரு செல்கூடத் தாண்டாது என்பதால் பயமில்லை. அதற்கு எச்சில் நீர் என்று பெயர் வைத்ததே நம் தங்கைதான். வெறும் வளர்ப்புக்கு அது சரி. மருந்துச் சோதனைக்கு வைத்த குடுவைக்கு அதை விடக் கூடாது, அங்கே எல்லாருக்கும் ஒரே நீர்தான். இன்னொரு விதியும் உண்டு. சொந்தக்காரரின் துணுக்கு வந்தால் வாயைத் திறந்து சொல்லி, வேறு கைக்கு மாற்றிவிட வேண்டும்.

பெட்டியின் மேல்தட்டில் ஒரு குடுவைக்கு முரடன் என்று பெயர். எப்போதோ செத்துப்போன ஒரு லாரி ஓட்டுநரின் ஈரலிலிருந்து வந்தது. எந்த மருந்தும் அதனிடம் செல்லவில்லை. நான்கு நாளில் குடுவை நிரம்பி வழியும். அதன் எச்சில் நீருக்கு எப்போதும் கிராக்கி.

இனி அத்தான் கதைக்கு வருகிறேன். சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலைக் கிருமி போகாமல் ஈரலிலேயே குடியிருந்து, நாற்பத்தெட்டாம் வயதில் கட்டியாகக் காட்டிக்கொண்டது. ஒரு சொட்டுக் குடித்தறியாத மனிதர். "குடிச்சுக் கெட்டிருந்தா அந்தச் சுகமாவது மிச்சம். நான் எலுமிச்சம்பழச் சாறு குடிச்சுக் கெட்டவன்" என்று மருத்துவரிடமே சொன்னார். வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இரண்டு கட்டிகள். மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் கட்டிகள் சுருங்கின. ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் உரித்துவிடும். அவருக்குக் கை கொப்புளித்து வெடித்தது. கத்தரிக்கோலின் வளையம் விரலில் பட்டால் பல்லைக் கடித்துக்கொள்வார். அக்கா களிம்பு தடவிப் பருத்தி உறை மாட்டிவிடுவாள். அவர் உறை போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, பாதியில் நின்ற துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அதில் ஒரு கோட்டு ஒரு கை மட்டும் வைத்த நிலையில் மாதக்கணக்காகத் தொங்கியது.

ஆறாம் மாத ஸ்கேனில் கட்டி அதற்குமேல் சுருங்கவும் இல்லை, வளரவும் இல்லை.

மருத்துவர் அக்காவிடம் சொன்னார். "மாத்திரை இன்னும் வேலை செய்யுதா, இல்ல கட்டி அதுக்குப் பழகிப்போச்சான்னு இந்தப் படத்தை வெச்சுச் சொல்ல முடியலம்மா. பழகிப்போயிருந்தா இவர் இந்த வேதனை படறதுல அர்த்தம் இல்ல. வேற மாத்திரை இருக்கு, ஆனா அதை இவர் ஈரல் தாங்காது. கொஞ்சம் துணுக்கு எடுத்து மேல மாடிக்கு அனுப்பிப் பாக்கட்டுமா? ஆராய்ச்சிதான், அதை மட்டும் நம்பி முடிவு பண்ண மாட்டோம்."

படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் தராசு முள் நடுவில் நிற்கும்போது ஒரு எள் விழுந்தாலும் சாயும் அல்லவா.

துணுக்கு எடுத்த அன்று காலை அத்தான் அவளைப் பார்த்துச் சிரித்தார். "கொழுந்தியா, என் ஈரல் உன் வீட்டுக்கு விருந்து வருது. வந்தவரைப் பட்டினி போட்டுறாதே."

அன்று மூன்றாவது மாடிக்கு ஒரே ஒரு துணுக்குதான் வந்தது. சீட்டில் பெயர் இல்லை, பதினேழு என்ற எண் மட்டும் இருந்தது. அவள் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேறு கைக்குப் போய்விடும். வேறு கை இவளைப் போலப் பார்க்குமா? சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கூடத்து வழக்கப்படி அதில் கொஞ்சம் பிரித்து, செல்களை உறைய வைத்துக் காக்கும் உறைநீர்த் தொட்டியில் சேமித்தாள். மிச்சம் வளர வேண்டும். வளரவில்லை. ஐந்தாம் நாள், ஏழாம் நாள், ஒவ்வொரு முறையும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், கரையோரம் சுருண்ட செல்கள், நடுவே பொட்டல். பத்தாம் நாளைக்குள் தேறாவிட்டால் குடுவையைக் கழித்துவிடுவார்கள். மருத்துவருக்கு விடை போகாது. அத்தான் கை உரிவது வீணா, இல்லையா என்று தெரியாமலே போய்விடும்.

ஒன்பதாம் நாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் மேல்தட்டிலிருந்து முரடனை இறக்கினாள். அவன் நீரை உறிஞ்சினாள். வடித்தாள், இரண்டு முறை வடித்தாள். அந்தக் கூடத்திலேயே கொழுத்தவனின் நீர், வீட்டு மனிதருக்கு இல்லாமல் வேறு யாருக்கு? மூன்றில் ஒரு பங்கு கலந்து பதினேழுக்கு ஊற்றினாள். ஊற்றும்போது அக்கா சூடு பார்த்து வாயில் வைத்த கவளம் ஞாபகம் வந்ததாம். பிற்பாடு அவளே சொன்னாள்.

இரண்டே நாளில் செல்கள் காலை ஊன்றின. ஒரு வாரத்தில் தரை நிறைந்தது. அவள் நிறுத்தவில்லை. மருந்துச் சோதனைக்குச் சின்னக் குழிகளில் பிரித்து வைத்தபோதும், மருந்தைக் காணுமுன்பே செத்துப்போய்விடுமோ என்று அங்கேயும் அந்த நீரையே விட்டாள். நோட்டில் "நீர் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதினாள்.

மாத்திரையின் சரக்கைக் குழிகளில் விட்டார்கள். மூன்று நாள். உயிருள்ளவை சாயம் பிடிக்கும், செத்தவை பிடிக்காது. பதினேழின் குழிகள் அத்தனையும் ஊதா நிறமாக நின்றன.

"பழகிப்போச்சு. மாத்திரை இதைத் தொடவே இல்ல" என்றார் கூடத்தின் தலைவி. எல்லாரும் அவரைப் பெரிய மேடம் என்பார்கள். தலை நரைத்து, நிறுத்தி நிதானமாகப் பேசும் மனுஷி. அறிக்கை கீழே போனது. எள் விழுந்தது. மருத்துவர் மாத்திரையை நிறுத்தினார்.

"இனிமே வலி இல்லாம பாத்துக்கலாம்" என்றார் அக்காவிடம்.

தங்கை அன்று அழுதாள். தான் செய்ததற்காக அழவில்லை, செய்தது என்னவென்று அவளுக்கு அப்போது தெரியாது. கேட்ட கேள்விக்கு விடை வாங்கிக் கொடுத்தோம், விடை கெட்டதாக இருந்துவிட்டதே என்று அழுதாள்.

இனி ஆறு வாரம். இந்த ஆறு வாரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாத்திரை நின்றதும் அத்தானுக்குக் கை ஆறியது. உரிந்த தோலுக்கடியில் புதுத்தோல், குழந்தையின் கை மாதிரி. இரண்டாம் வாரம் உறையைக் கழற்றி எறிந்தார். மூன்றாம் வாரம் கத்தரிக்கோலை எடுத்தார். தெருவில் போகிறவர்கள் இயந்திரச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். அந்த ஒற்றைக் கைக் கோட்டுக்குச் சொந்தக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"என்ன தையற்காரரே, செத்துப்போயிட்டீங்கன்னு சொன்னாங்க."

"உன் கோட்டுக்கு இன்னொரு கை வெக்காம போனா மேல விட மாட்டேங்குறாங்கப்பா. திருப்பி அனுப்பிட்டாங்க."

அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அக்கா பேச்சுவாக்கில் தன் தட்டில் இருப்பதைப் பிட்டுத் தங்கை தட்டில் வைப்பாள், பழக்கம்.

மேல்மாடியில் பெரிய மேடம், பதினேழாம் குடுவையின் விடையை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி வெளியிடுமுன் இன்னொரு முறை சரிபார்க்க நினைத்தார். உறைநீர்த் தொட்டியில் மூன்றாம் நாள் சேமித்ததை எடுத்து, தாமே உட்கார்ந்து வளர்த்தார். மெதுவாக, கழித்துப் போடாமல் ஒரு மாதம் காத்திருந்து வளர்த்தார். அதில் மாத்திரைச் சரக்கை விட்டார். மூன்றாம் நாள் குழிகளில் ஊதாவே இல்லை. அத்தனையும் செத்திருந்தன.

கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டு அந்த இரண்டு தட்டுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒரே ஆளோட ஈரல். மூணாம் நாள் எடுத்தது சாகுது. இருபதாம் நாள் எடுத்தது சாக மாட்டேங்குது. நடுவுல என்ன நடந்துச்சு?"

ஒரு முரடன் செல் எகிறி விழுந்து கலந்திருக்கும் என்றார் ஒருவர். அதற்கும் சோதனை செய்து பார்த்திருந்தார் மேடம். பதினேழில் வேறு ஆளின் செல் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் மூச்சு விட்டார்கள். தங்கை மட்டும் தன் கை செய்ததை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஆள் வரவில்லை, ஆனால் ஏதோ வந்திருக்கிறது. வடிகட்டியில் வடித்துத்தானே ஊற்றினேன், என்ன தாண்டியிருக்கும்?

"ஆயாம்மா, நீ வெறும் நீர்தானே மாத்தினே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நோட்டு அவள் பக்கம் இருந்தது, மற்றவர்களும் அவள் பக்கம் இருந்தார்கள். ஆனால் ஒன்றை நினைத்தாள். இந்தத் தட்டில் செல்கள் செத்திருக்கின்றன என்றால், அத்தானுக்கு அந்த மாத்திரை கேட்டிருக்குமோ? இன்னமும் கேட்குமோ? வாயை மூடினால் அவருக்குக் கதவை மூடுகிறேன்.

"முரடனோட எச்சில் நீர் விட்டேன் மேடம். ஒன்பதாம் நாள்லேருந்து கடைசி வரைக்கும். சோதனைக் குழியிலயும் விட்டேன். பதினேழு எங்க அத்தான்."

பெரிய மேடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக் கீழே மருத்துவரைக் கூப்பிட்டார். மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொன்னார்: "நாங்க குடுத்த விடை தப்பா இருக்கலாம்."

தாண்டியது என்ன என்று கேட்கிறீர்களா, கண்ணுகளா? எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லும் தன் தோலிலிருந்தே கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளைக் கிள்ளிக் கிள்ளி வெளியே விட்டுக்கொண்டே இருக்குமாம். நல்ல செல்லும் விடும், கெட்டதும் விடும். செல் ஒரு வீடு என்றால் அந்தப் பை ஒரு கடுகு. அதற்குள் தன்னுடைய சரக்கில் கொஞ்சத்தையும், சில செய்திகளையும் மடித்து வைத்திருக்கும். அடுத்த செல் அதை விழுங்கினால் அந்தச் செய்திப்படி நடக்க ஆரம்பிக்கும். மருந்தை எப்படி வெளியே தள்ளுவது, அடி விழும்போது எப்படிச் சாகாமல் இருப்பது என்று முரடன் கற்று வைத்திருந்ததெல்லாம் அந்தப் பைகளில் இருந்தது. செல்லைத் தடுக்கிற வடிகட்டி அந்தக் கடுகைத் தடுக்கவில்லை. மேடம் பிற்பாடு முரடனின் நீரை வேகமான சுழல் இயந்திரத்தில் போட்டுப் பைகளை மட்டும் அடியில் ஒதுக்கிப் பார்த்தார். பை இல்லாத நீரைக் குடித்த பதினேழு மருந்துக்குச் செத்தது. ஒதுக்கிய பைகளைக் குடித்த பதினேழு பிழைத்துக்கொண்டது.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம். அத்தான் மேசையில் கோட்டின் இரண்டாவது கையை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

அக்கா நூலைக் கீழே வைத்தாள். "அப்போ அந்த மாத்திரை அவருக்குக் கேட்டிருக்குமா?"

"தெரியலக்கா. கேட்டிருக்கலாம்."

"இந்த ஆறு வாரமும் குடுத்திருந்தா?"

"தெரியலக்கா."

"தெரியல, தெரியல. சொல்ல வேண்டியதை மறைக்க மட்டும் தெரிஞ்சிருக்கு. சொந்தக்காரங்கன்னா தொடக் கூடாதுன்னு விதி இருக்குன்னு நீதானே ஒரு நாள் பெருமையா சொன்னே? வேற யாராவது தொட்டிருந்தா அது பத்தாம் நாள் செத்திருக்கும். விடை இல்லேன்னு சொல்லியிருப்பாங்க. இவர் மாத்திரையை முழுங்கிட்டே இருந்திருப்பார்." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "உன்னை நான் வளர்த்த மாதிரி நீ அதை வளர்த்தியா?"



அத்தான் துணியிலிருந்து ஊசியை எடுத்து மேசையில் குத்தி வைத்தார். சுவரைப் பார்த்தார். "செல் வரல, அது விட்ட பை மட்டும் வந்துச்சுங்கிறே."

"ஆமா அத்தான்."

"நான் செத்தாலும் இந்தக் கை அட்டையை இன்னொருத்தன் எடுத்துட்டுப் போனா என் கோட்டை அவன் தைப்பான். கதவுச் சந்துல ஆள் நுழைய முடியாது, அட்டை நுழையும். அதானே?"

"அதான் அத்தான்."

"கெட்டிக்காரப் பயதான் உன் முரடன்" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மருத்துவர் புது ஸ்கேன் எடுத்தார். ஆறு வாரத்தில் இரண்டு கட்டிகளும் வளர்ந்திருந்தன. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் லேசாக ஏறியிருந்தது. மருத்துவர் எதையும் மூடி மறைக்கவில்லை. மாத்திரையை மறுபடி தொடங்கலாம், ஆனால் இப்போது ஈரல் இருக்கும் நிலையில் பாதி அளவுதான். கை மறுபடி உரியும். கேட்குமா என்று சொல்ல முடியாது. இவர் உடம்புக்குள்ளேயே முரடனைப் போன்ற செல்கள் ஒரு மூலையில் இருந்து, பக்கத்திலிருப்பவற்றுக்கு அதே பைகளை அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஆறு வாரத்துக்கு முன்பே அது நடந்து முடிந்திருக்கவும் கூடும்.

"அப்போ இவ தப்பு பண்ணலேன்னு ஆகுமா?" என்று அக்கா கேட்டாள்.

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. அவங்க பண்ணது தப்பு, நாங்க அதை நம்பினதும் தப்பு. அதனால எவ்வளவு போச்சுன்னுதான் தெரியாது."

வீட்டுக்கு வரும் வழியில் அத்தான் தங்கையோடு கொஞ்சம் பின்தங்கி நடந்தார். நடந்தால் மூச்சு வாங்கியது.

"கொழுந்தியா, ஒரு சிக்கல். மாத்திரை இப்ப கேட்டா, அப்பவும் கேட்டிருக்கும். அப்போ ஆறு வாரத்தை நீ திருடினவ. கேக்கலேன்னா, அப்பவும் கேட்டிருக்காது. நீ தப்பிச்சே, நான் போனேன். நான் எதுக்கு வேண்டிக்கிறது?"

"கேக்கணும்னு வேண்டிக்குங்க அத்தான்."

"அப்புறம் உங்கக்கா உன்னை வீட்டுல வெச்சிருப்பாளா?"

"நான் போறேன். நீங்க இருங்க."

அவர் அவள் தலையில் கையை வைத்தார். புதுத்தோல் கை, சூடாக இருந்தது. "ரெண்டு நாள் குடு. அந்தக் கோட்டுக்குக் காஜா அஞ்சு எடுக்கணும். உரிஞ்ச கையால காஜா எடுக்க முடியாது. எடுத்துட்டு முழுங்குறேன்."

இரண்டு நாளும் உட்கார்ந்து ஐந்து காஜாவையும் கையாலேயே எடுத்தார். மூன்றாம் நாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா தங்கைக்குத் தனித்தட்டு வைத்தாள். சோறு குறையவில்லை, சூடு குறையவில்லை. தன் தட்டிலிருந்து ஒரு பருக்கை இந்தப் பக்கம் வரவில்லை.

இரண்டாம் வாரம் கை வெடித்தது. பருத்தி உறை மறுபடி வந்தது. களிம்பு தடவத் தங்கை கையை நீட்டினால் அக்கா வாங்கிக்கொள்வாள். அத்தான் மேசையருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. வயிற்றில் நீர் கோத்தது. பேச்சுக்கு நடுவே புத்தி தடுமாறி, அக்காவைப் பார்த்து அளவு எழுதச் சொன்னார், தோள் பதினெட்டு, கை இருபத்து நாலு என்று. அவளும் எழுதினாள்.

ஐந்தாம் வாரம் ஸ்கேன். வலப்பக்கக் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. இடப்பக்கத்தது இரண்டு மடங்கு ஆகி, சுற்றிலும் புதிதாகப் புள்ளிகள் தெறித்திருந்தன.

மருத்துவர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். "ஒரு பக்கம் கேட்டிருக்கு. ஒரு பக்கம் கேக்கவே இல்ல."

அன்று அத்தானுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி தங்கையைத் தேடிப் பார்த்தார். "பாத்தியா? பாதிக் குத்தவாளி. தீர்ப்பு கடைசி வரைக்கும் ஒத்திவெப்புதான்." அவர் அவளிடம் கடைசியாகச் சொன்ன கேலி அது. பதினொரு நாள் கழித்து, பகலில், இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும்போது அடங்கினார்.

கோட்டுக்குச் சொந்தக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். அக்கா கோட்டை எடுத்துக் கொடுத்து, "போட்டுப் பாருங்க, போட்டுப் பாக்காம அவர் யாரையும் அனுப்ப மாட்டார்" என்றாள். அந்த மனிதர் அழுதுகொண்டே போட்டார். இரண்டாவது கை தோளில் சுருக்கமில்லாமல் விழுந்தது.

கூடத்தில் தங்கைக்குத் தண்டனை இருந்தது. மூன்று மாதம் குடுவைகளைத் தொடவிடாமல் பாத்திரம் கழுவும் அறையில் போட்டார்கள். பெரிய மேடம் தம் பெயரையும் சேர்த்தே தவறு அறிக்கை எழுதினார். தொடாமல் இருந்த அந்த மூன்று மாதத்தில்தான் ஒரு நாள் அக்கா மாடி ஏறி வந்தாள். கேட்காமல் கொள்ளாமல் வந்து, கூடத்து வாசலில் நின்றாள்.

"அவரைப் பாக்கணும்."

மேடம் அவளுக்கு மேலங்கியும் தலையுறையும் கொடுத்து உள்ளே கூட்டிப்போனார். தங்கையையும் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து பதினேழாம் குடுவையை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். பிடிக்கவில்லை என்றால் குடும்பத்தார் அழிக்கச் சொல்லலாம், அந்த உரிமை படிவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அக்கா கண்ணை வைத்து வெகு நேரம் பார்த்தாள். கூழாங்கல் பாவிய தரை மாதிரி இருக்கும் அது, கல்லுக்குக் கல் நடுவே கண் மாதிரி ஒரு புள்ளி.

"இதுல அவர் எது?"

"எல்லாமே அவர்தான்க்கா."

"அந்த முரடன் எது?"

"அவன் இதுல இல்ல. அவன் சொல்லிக் குடுத்தது இருக்கு."

"அதை மட்டும் எடுத்துப்போட முடியாதா?"

"அதுக்குத்தான்க்கா மேடம் இதை வெச்சுட்டு வேலை பாக்குறாங்க. இன்னும் முடியல."

அக்கா கண்ணை எடுக்கவில்லை. "இதுதான் அவரைத் தின்னுச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவர்ல மிச்சம் இருக்கிறதும் இதுதான்" என்றாள். அழிக்கச் சொல்வாளா, வேண்டாம் என்பாளா என்று தங்கை காத்து நின்றாள்.

"எப்போ நீர் மாத்தணும்?"

"நாளைக்கு. ஆனா நான் இப்போ தொடக் கூடாதுக்கா. வேற ஒருத்தங்க மாத்துவாங்க."

"மாத்தச் சொல்லு." அக்கா நிமிர்ந்து தலையுறையைக் கழற்றினாள். "உன் முறை வரும்போது நீயும் மாத்து. யாரோட மிச்சத்தையும் இனிமே இதுக்கு ஊத்தாதே."

அவ்வளவுதான் சொன்னாள். முன்னால் இறங்கிப் போய்விட்டாள். அன்றும் வீட்டில் தனித்தட்டுதான். இன்றுவரைக்கும் தனித்தட்டுதான், ஒரே அடுப்பு, ஒரே கூரை, இரண்டு தட்டு. முன்னறைச் சுவரில் அட்டைகள் அப்படியே தொங்குகின்றன. வேறு கடைக்காரர்கள் விலைக்குக் கேட்டார்கள், அக்கா கொடுக்கவில்லை. கூடத்து நோட்டில் இப்போது ஒரு தனிக் கட்டம் உண்டு, எந்த நீர், யாருடையது, எந்தத் தேதி என்று. அந்தக் கட்டத்தை முதன்முதலில் கோடு போட்டு வரைந்தது தங்கைதான்.

கையை விடாமல் பிடித்திருந்தீர்களா? இனி விடலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யார் தட்டில் பிட்டுத் தின்றாலும் அது உடம்பில் ஒட்டட்டும். உங்கள் வீட்டில் யாருடைய கண்ணும் மஞ்சளாகாமல் இருக்கட்டும். செய்த பிழையை வாய்விட்டுச் சொல்கிறவருக்கு உங்கள் கூரையின் கீழ் எப்போதும் ஒரு தட்டு இருக்கட்டும். அது தனித்தட்டாக இருந்தாலும் சூடாக இருக்கட்டும். வயிறு குளிர்ந்து, ஈரல் குளிர்ந்து, பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.